விட்டுப்போன ஆண்டுகளுக்குக் காசு கட்டலாமா? பிரித்தானிய ஸ்டேட் பென்ஷன் பற்றி ஒரு முழுமையான வழிகாட்டி

ஈஸ்ட்ஹாமில் இருக்கும் என் சித்திக்கு 62 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு கைபேசியை என் முன்னால் வைத்தார். "தம்பி, இதிலே அஞ்சு வருஷம் முழுமையில்லை எண்டு காட்டுது. எல்லாத்துக்கும் சேர்த்து நாலாயிரம் பவுணுக்குக் கிட்ட வருது. கட்டிவிடவோ?" என்று கேட்டார். சீட்டு எடுத்த காசு வங்கியில் தயாராக இருந்தது. அன்று பின்னேரம் தேநீர் குடிக்கும்போது அவர் கட்ட வேண்டியிருந்தது 104 பவுண் 70 பென்ஸ் மட்டுமே.

வித்தை ஒன்றும் செய்யவில்லை. ஸ்டேட் பென்ஷன் என்ற அரசாங்க ஓய்வூதியத்துக்கான அவருடைய பதிவை ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம், அவ்வளவுதான். இந்த ஊரில் நம்மவர்கள் பலர் இரண்டு விதமாகத் தவறு விடுகிறார்கள். சிலர் பதிவைத் திறந்தே பார்க்காமல் 66, 67 வயதுவரை இருந்துவிட்டு, பென்ஷன் பாதிதான் என்று கடிதம் வந்த பிறகு தவிக்கிறார்கள். சிலர் பயந்துபோய் தேவையில்லாத ஆண்டுகளுக்கும் ஆயிரக்கணக்கில் கட்டிவிடுகிறார்கள். கட்டிய காசு சாதாரணமாகத் திரும்பி வராது. அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது ஒன்றுதான்: இலவசமாகக் கிடைக்க வேண்டிய ஆண்டுகளை முதலில் கேட்டு வாங்குங்கள், காசைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

ஒரு ஆண்டின் பெறுமதி

2016 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருப்பது புதிய ஸ்டேட் பென்ஷன். 1951 ஏப்ரல் 6 அன்றோ அதன் பிறகோ பிறந்த ஆண்களும், 1953 ஏப்ரல் 6 அன்றோ அதன் பிறகோ பிறந்த பெண்களும் இதற்குள் வருகிறார்கள். 2026-27 நிதியாண்டில் இதன் முழுத்தொகை வாரத்துக்கு 241.30 பவுண். ஆண்டுக்கு 12,547 பவுண் அளவில் வரும்.

முழுத்தொகைக்குப் பொதுவாக 35 தகுதி ஆண்டுகள் வேண்டும். எதுவும் கிடைப்பதற்கே குறைந்தது 10 ஆண்டுகள் வேண்டும். ஒரு தகுதி ஆண்டு என்றால் ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையான ஒரு நிதியாண்டு முழுவதற்கும் நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்திலோ இலாபத்திலோ இருந்து அரசாங்கத்துக்குப் போகும் காப்புறுதிக் கட்டணம்) கட்டியிருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான கிரெடிட் (காசு கட்டாமலே கட்டியதாக எடுத்துக்கொள்வது) பெற்றிருக்க வேண்டும்.

241.30 பவுணை 35 ஆல் பிரித்தால் 6.89. அதாவது ஒரு ஆண்டு கூடினால் வாரத்துக்கு 6.89 பவுண், வருடத்துக்கு 358 பவுண் அளவில், சாகும்வரை கூடுதலாக வரும். விலைவாசி உயர்வு, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் அது ஏறும். விட்டுப்போன ஆண்டை வாங்க கிளாஸ் 3 என்ற விருப்பக் கட்டணம் இப்போது வாரத்துக்கு 18.40 பவுண். முழு ஆண்டுக்கு 956.80 பவுண். பென்ஷன் தொடங்கி இரண்டு வருடம் எட்டு மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். 20 சதவீத வரி கட்டுபவராக இருந்தால் மூன்று வருடம் நாலு மாதம் அளவில் ஆகும்.

இதைக் கேட்டவுடன் எல்லா இடைவெளியையும் வாங்கிவிடத் தோன்றும். தனியாகப் பார்த்தால் நல்ல வியாபாரம்தான். ஆனால் அந்த ஆண்டு உங்கள் பென்ஷனை உண்மையில் கூட்டினால் மட்டும்தான் இந்தக் கணக்குப் பொருந்தும்.

முதலில் பதிவைத் திறந்து பாருங்கள்

அரசாங்கத்தின் கவ்.யூகே தளத்தில் ஸ்டேட் பென்ஷன் முன்கணிப்பு என்று ஒரு பக்கம் இருக்கிறது. வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யின் கைபேசிச் செயலியிலும் பார்க்கலாம். இணையம் ஒத்துவராதவர்கள் பிஆர்19 என்ற படிவத்தைத் தபாலில் அனுப்பலாம். இதற்குக் காசு கிடையாது. "நான் பார்த்துத் தருகிறேன், இவ்வளவு தாருங்கள்" என்று கேட்பவரிடம் போக வேண்டிய தேவையே இல்லை.

அந்தப் பக்கத்தில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, இதுவரை உள்ள பதிவின்படி கிடைக்கக்கூடியது. மற்றது, இனி இத்தனை ஆண்டுகள் கட்டினால் கிடைக்கக்கூடியது. இரண்டாவது தொகைக்குப் பக்கத்தில் எத்தனை ஆண்டுகள் தேவை என்று எழுதியிருப்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

அப்புறம் நேஷனல் இன்சூரன்ஸ் பதிவு. ஒவ்வொரு ஆண்டும் முழுமையா, இல்லையா என்று வரிசையாக வரும். முழுமையில்லாத ஆண்டைத் தொட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று தெரியும். 2024 ஏப்ரல் முதல், எந்த ஆண்டைக் கட்டினால் பென்ஷன் எவ்வளவு கூடும் என்பதையும் அதே இடத்தில் பலருக்குக் காட்டுகிறது.

இங்கே ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கத்தில் முழுமையான ஆண்டுகளின் எண்ணிக்கை. மறுபக்கத்தில் பென்ஷன் வயதுவரை இன்னும் எத்தனை நிதியாண்டு வேலை செய்யப்போகிறீர்கள் என்பது. பென்ஷன் வயது 66 ஆக இருந்தது 2026 ஏப்ரலிலிருந்து படிப்படியாக 67 ஆகிறது. 1961 மார்ச் 6 முதல் 1977 ஏப்ரல் 5 வரை பிறந்தவர்களுக்கு 67 வயது. அந்த வயதை அடையும் நிதியாண்டு கணக்கில் வராது, அதற்கு முந்தைய ஆண்டுவரைதான் எண்ண வேண்டும். இந்தச் சின்ன விதியில் ஒரு ஆண்டு பிசகிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

45 வயதில் 22 ஆண்டுகள் முழுமையாக இருக்கும் ஒருவர் தொடர்ந்து வேலை செய்தால் 60 வயதுக்கு முன்னரே 35 ஐத் தொட்டுவிடுவார். அவர் பழைய இடைவெளிக்குக் காசு கட்டினால் அது வீண். 55 வயதில் வேலையை விட்டு ஊருக்குப் போக நினைப்பவருக்கு அதே 22 ஆண்டுகள் வேறு கணக்கு. ஆக, இனி எத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

35 ஆண்டு எல்லோருக்கும் 35 ஆண்டல்ல

2016க்கு முன்பே வேலை செய்தவர்களுக்கு அந்தத் தேதியில் ஒரு தொடக்கத் தொகை கணக்கிடப்பட்டது. பழைய விதிப்படி எவ்வளவு, புதிய விதிப்படி எவ்வளவு என்று பார்த்து, எது அதிகமோ அதை வைத்தார்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு ஆண்டும் முழுத்தொகை வரும்வரை 35இல் ஒரு பங்கைக் கூட்டும்.

என்எச்எஸ் என்ற அரசாங்க மருத்துவ சேவை, கவுன்சில் என்ற உள்ளூராட்சி போன்ற இடங்களில் வேலை செய்த பலர் 2016 வரை "கொன்ட்ராக்டட் அவுட்" என்ற நிலையில் இருந்தார்கள். அதாவது வேலைத்தள பென்ஷன் இருந்ததால் நேஷனல் இன்சூரன்ஸ் குறைவாகக் கட்டினார்கள். அவர்களுடைய தொடக்கத் தொகை அதற்கேற்பக் குறையும். பதிவில் 36 ஆண்டுகள் இருந்தும் முழுத்தொகை வரவில்லையே என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். மருத்துவமனைகளில் தாதியராக, சமையலறையில், துப்புரவில் இருந்த நம்மவர்கள் இதில் நிறைய. அவர்களுக்கு 35க்கு மேலும் ஆண்டுகள் பயன்படும். எதிர்ப்பக்கமாக, 35க்குக் குறைவாக வைத்தே முழுத்தொகையை எட்டிவிட்டவர்களும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணிக்கையை விட்டுவிட்டு, உங்கள் முன்கணிப்பில் உள்ள எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "அவர் கட்டியிருக்கிறார், எனக்கென்ன" என்று கணவரின் பதிவை நம்பியிருக்கும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். புதிய ஸ்டேட் பென்ஷன் அவரவர் பதிவின்படிதான். கணவருக்கு 40 ஆண்டுகள் இருந்தாலும் மனைவிக்கு 7 ஆண்டுகள்தான் என்றால் மனைவிக்கு எதுவும் வராது.

இலவச ஆண்டுகள்

இந்த இடத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்கள் வாழ்ந்த விதத்துக்கு மிகவும் பொருந்தும் பகுதி இதுதான்.

பிள்ளை 12 வயதுக்குக் கீழே இருக்கும்போது, பிள்ளை வளர்ப்புக்கு அரசாங்கம் தரும் சைல்ட் பெனிஃபிட் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்குத் தானாகவே கிரெடிட் சேரும். வீட்டில் வேலைக்குப் போகாதவர் தாய் என்றால், சைல்ட் பெனிஃபிட் தாயின் பெயரில் இருக்க வேண்டும். சம்பளம் அதிகமென்று பணம் வாங்காமல் விட்டவர்கள்கூட விண்ணப்பத்தை மட்டும் போட்டுவைக்கலாம். பணம் வேண்டாம் என்று குறித்தாலும் கிரெடிட் வரும். ஆனால் விசாவில் "பொது நிதி இல்லை" (அரசாங்க உதவித்தொகை எடுக்கக் கூடாது) என்ற நிபந்தனை இருப்பவர்கள் சைல்ட் பெனிஃபிட்டுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. அது பொது நிதி. ஸ்டேட் பென்ஷன் பொது நிதியில் சேராது, அது கட்டிய காசுக்குக் கிடைப்பது.

1978 முதல் 2010 வரை இதையே வேறு பெயரில், வீட்டுப் பொறுப்புப் பாதுகாப்பு என்ற முறையில் கொடுத்தார்கள். அப்போது பிள்ளையின் வயது வரம்பு 16. 2000 மே மாதத்துக்கு முன் சைல்ட் பெனிஃபிட் எடுத்த பல தாய்மாரின் விண்ணப்பத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் எண் இல்லாததால் அந்த ஆண்டுகள் பதிவில் ஏறவே இல்லை. அரசாங்கமே இதை ஒப்புக்கொண்டு கடிதங்கள் அனுப்பியது. 80களிலும் 90களிலும் வந்து இங்கே பிள்ளை பெற்ற நம் அம்மாமார், பெரியம்மாமார் இந்தக் கூட்டத்தில்தான் வருகிறார்கள். கடிதம் வந்திருக்கிறதோ இல்லையோ, பதிவில் அந்த ஆண்டுகளைத் தேடுங்கள். இல்லாவிட்டால் சிஎஃப்411 என்ற படிவத்தைப் போடலாம், இணையத்திலும் செய்யலாம். ஏற்கெனவே பென்ஷன் எடுப்பவர்களும் கேட்கலாம்.

அப்புறம் பேரப்பிள்ளை. மகள் வேலைக்குப் போக, அம்மம்மா வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்வது நமக்குச் சாதாரணம். அதற்கு ஒரு கிரெடிட் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2011 ஏப்ரல் முதல், 12 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா, பாட்டி, சித்தி, மாமா போன்ற உறவினர் பென்ஷன் வயதை அடையாதவராக இருந்தால் விண்ணப்பிக்கலாம். சைல்ட் பெனிஃபிட் எடுக்கும் தாய் வேலை செய்து தன் ஆண்டை ஏற்கெனவே நிரப்பியிருப்பதால், அவருக்குத் தேவைப்படாத கிரெடிட்டை அம்மம்மாவுக்கு மாற்றிவிடுகிறார்கள். படிவம் சிஏ9176. தாயும் பார்த்துக்கொண்டவரும் இருவருமே கையெழுத்திட வேண்டும். ஒரு நிதியாண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 31க்குப் பிறகுதான் அந்த ஆண்டுக்கு விண்ணப்பிக்க முடியும். பழைய ஆண்டுகளுக்கும் கேட்கலாம். சைல்ட் பெனிஃபிட் எடுப்பவர் ஒருவருக்கு ஒரு கிரெடிட்தான். இரண்டு பேரப்பிள்ளைகள், இரண்டு பக்கப் பாட்டிமார் என்றாலும் ஒருவருக்குத்தான் போகும். யாருடைய பதிவில் ஓட்டை இருக்கிறதோ அவருக்குக் கொடுப்பதுதான் நியாயம்.

வயதான மாமியாரையோ நோயாளியான கணவரையோ வாரத்துக்கு 20 மணி நேரமோ அதற்கு மேலோ பராமரிப்பவருக்குக் கேரர்ஸ் கிரெடிட் கிடைக்கலாம். கேரர்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்பாளர் உதவித்தொகை எடுப்பவருக்கும், குறைந்த வருமானக்காரருக்கான யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையில் இருப்பவருக்கும் தானாகச் சேரும். வேலையில்லாமல் இருந்த காலம், நோயில் படுத்த காலம் ஆகியவற்றுக்கும் வழிகள் உண்டு. அந்த ஆண்டுகளில் என்ன உதவி எடுத்தீர்கள் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

வேலை செய்தும் பதிவில் இல்லாத ஆண்டு வேறு கதை. பே ஸ்லிப்பும், ஆண்டு முடிவில் முதலாளி தரும் பி60 என்ற சம்பளச் சான்றும் கையில் இருந்தால், அவற்றைக் காட்டி எச்.எம்.ஆர்.சி.யிடம் திருத்தச் சொல்லலாம். என் நண்பர் ஒருவருக்கு இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் திரும்பக் கிடைத்தன. பழைய பெட்டியில் அம்மா சுருட்டி வைத்திருந்த பி60தான் சாட்சி. கையில் காசு வாங்கி வேலை செய்த ஆண்டுகளுக்கு அந்த வழி இல்லை.

சித்தியிடம் திரும்பி வருகிறேன். அவருடைய பதிவில் 27 ஆண்டுகள் முழுமை. முன்கணிப்பு கேட்ட மொத்தம் 35. ஓட்டையான ஐந்தில் 2020-21, 2021-22, 2022-23 மூன்றும் பேரனைப் பார்க்க வேலையை விட்ட ஆண்டுகள். மகள் அப்போதெல்லாம் முழுநேர வேலை. அந்த மூன்றுக்கும் படிவம் போட்டால் 30. 2024-25இல் ஆறு வாரம்தான் குறைவு, அதற்கு 104.70 பவுண். அது 31. இப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. 67 வயது வரும் நிதியாண்டுக்கு முன் இன்னும் நாலு முழு ஆண்டுகள் இருக்கின்றன. 35 வந்துவிட்டது. 2023-24க்கு 956.80 பவுண் கேட்டது. அதைத் தொடவே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வேலை நடுவில் நின்றுபோனால் அதைக் கட்ட 2030 ஏப்ரல் 5 வரை அவகாசம் இருக்கிறது.

அந்த 2023-24 ஏன் ஓட்டையானது என்பதையும் சொல்ல வேண்டும். சித்தி அந்த ஆண்டு சும்மா இருக்கவில்லை. காலையில் ஒரு அலுவலகம், பின்னேரம் ஒரு கடை, இரண்டிலும் துப்புரவு வேலை. ஆனால் ஒவ்வொன்றிலும் சம்பளம் குறைந்தபட்ச வரம்புக்குக் கீழே. அந்த வரம்பு 2026-27இல் வாரத்துக்கு 129 பவுண். இரண்டு முதலாளிகளிடம் வாங்குவதைக் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு இடத்தில் 110, 110 என்று வாங்கினால் ஆண்டு ஏறாது. ஒரே இடத்தில் 130 வாங்கினால் நேஷனல் இன்சூரன்ஸ் ஒரு பென்ஸ்கூடக் கட்டாமலே ஆண்டு ஏறும். இப்படி இரண்டு சின்ன வேலை செய்பவர்கள் ஒரு இடத்திலாவது சில மணி நேரம் கூட்டிக் கேட்டுப் பாருங்கள்.

எவ்வளவு, எதுவரை

பொதுவாகக் கடந்த ஆறு நிதியாண்டுகளுக்குத்தான் கட்ட முடியும். 2006 வரை பின்னோக்கிக் கட்ட அனுமதித்த விசேஷ சலுகை 2025 ஏப்ரல் 5இல் முடிந்துவிட்டது. இப்போது 2020-21க்குக் கடைசித் தேதி 2027 ஏப்ரல் 5. அதற்கடுத்த ஆண்டுக்கு 2028 ஏப்ரல் 5, அப்படியே போகும்.

கடைசி இரண்டு நிதியாண்டுகளை அந்தந்த ஆண்டின் விலைக்கே வாங்கலாம். 2026-27இல் கட்டினால் 2024-25க்கு வாரம் 17.45, முழு ஆண்டு 907.40. 2025-26க்கு வாரம் 17.75, முழு ஆண்டு 923. அதற்கு முந்தியவற்றுக்கு இன்றைய விலையான 18.40. ஆகவே பாதி நிரம்பிய ஆண்டுகளை முதலில் பாருங்கள். நாலு வாரம், ஆறு வாரம் குறைந்த ஆண்டைச் சில பத்துப் பவுணில் முழுமையாக்கலாம். அதற்கும் அதே 6.89 பவுண்தான் கூடும்.

மினிகேப் ஓட்டுபவர்கள், சின்னக் கடை நடத்துபவர்கள், வீட்டிலிருந்து சாப்பாடு செய்து விற்பவர்கள் என்று சுயதொழில் செய்பவர்களுக்கு வேறு விலை. இலாபம் 2026-27இல் 7,105 பவுணோ அதற்கு மேலோ இருந்தால் அந்த ஆண்டு ஏறிவிடும். அதற்குக் கீழே இருந்தால் கிளாஸ் 2 என்ற கட்டணத்தை விருப்பமாகக் கட்டலாம். வாரத்துக்கு வெறும் 3.65 பவுண், ஆண்டுக்கு 189.80. அதே பென்ஷன் ஆண்டு, ஐந்தில் ஒரு பங்கு விலை! பென்ஷன் தொடங்கி ஏழு மாதத்துக்குள் காசு திரும்பிவிடும். சுயதொழில் பதிவு இருந்தும் இதை அறியாமல் கிளாஸ் 3 கட்டியவர்கள் இருக்கிறார்கள். கணக்கு எழுதித் தருபவரிடம் ஆண்டுதோறும் "கிளாஸ் 2 போட்டாச்சா?" என்று கேளுங்கள்.

8, 9 ஆண்டுகளில் நிற்பவர்கள்

இவர்கள் தாமதிக்கவே கூடாது. 10ஐத் தொடாவிட்டால் பூச்சியம். 8 ஆண்டுகள் இருப்பவர் இரண்டு ஆண்டு வாங்கினால் வாரத்துக்கு 68.94 பவுண் அளவில் வரத் தொடங்கும். செலவு 1,914 பவுணுக்கு உள்ளேதான். ஏழு மாதத்தில் திரும்பிவிடும். இதைவிடத் தெளிவான கணக்கு இந்த விஷயத்தில் வேறு இல்லை.

ஆனால் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி. இங்கே வருவதற்கு முன் ஜெர்மனியிலோ பிரான்சிலோ நோர்வேயிலோ சுவிஸிலோ வேலை செய்தீர்களா? நம்மவர்களில் அங்கிருந்து இடம்பெயர்ந்து லண்டன், லெஸ்டர், பேர்மிங்ஹாம் என்று வந்தவர்கள் நிறையப் பேர். அந்த நாடுகளில் கட்டிய ஆண்டுகள் இங்கே 10 ஆண்டு நிபந்தனையைத் தாண்ட உதவலாம். அப்படியானால் 8 ஆண்டுகள் இருப்பவருக்கு காசு கட்டாமலே 35இல் 8 பங்கு, அதாவது இன்றைய கணக்கில் வாரத்துக்கு 55.15 பவுண் வரும். தொகை இங்கே கட்டிய ஆண்டுகளுக்குத்தான். அந்த நாட்டுப் பென்ஷனைத் தனியாக அங்கே கேட்க வேண்டும். இலங்கையிலோ இந்தியாவிலோ வேலை செய்த ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேராது.

கட்டாமல் விடுவது நல்லது என்று நான் சொல்பவர்கள்

பென்ஷன் வயதில் வேறு வருமானமும் சேமிப்பும் பெரிதாக இல்லாதவர், வாடகை வீட்டில் இருப்பவர் என்றால் பென்ஷன் கிரெடிட் என்ற உதவியைப் பற்றி முதலில் விசாரியுங்கள். தனியாள் என்றால் வாரத்துக்கு 238 பவுண்வரை, தம்பதி என்றால் 363.25 பவுண்வரை அது நிரப்பித் தருகிறது. காசு கட்டி பென்ஷனை 20 பவுண் கூட்டினால், அங்கே 20 பவுண் குறைந்துவிடும். வாடகை உதவியும் கவுன்சில் வரிக் கழிவும்கூட மாறலாம். தையல் வேலை செய்து சிறுகச் சிறுகச் சேர்த்த காசை இப்படிக் கரைய விடக் கூடாது. சந்தேகமிருந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பில் இலவசமாகக் கேட்கலாம்.

கடுமையான நோய் உள்ளவர்களும் யோசிக்க வேண்டும். பென்ஷன் வயதுக்கு முன் காலமானால் கட்டியது குடும்பத்துக்குத் திரும்பி வராது. மூன்று வருடமாவது பென்ஷன் எடுக்க வேண்டும் என்ற கணக்கு நினைவில் இருக்கட்டும். இதைக் குடும்பத்தோடு மனம்விட்டுப் பேசித்தான் முடிவெடுக்க முடியும்.

30, 35 வயதில் இருக்கும் பிள்ளைகள் அவசரப்பட வேண்டாம். படிப்பு விசாவில் வந்து பிறகு வேலை எடுத்தவர்களின் பதிவில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டையாகத்தான் இருக்கும். முன்னால் 30 வருட வேலை இருக்கிறது. ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்குப் பாருங்கள்.

ஊர் திரும்பியவர்களும் திரும்பப்போகிறவர்களும்

ஸ்டேட் பென்ஷனை யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருந்தும் வாங்கலாம். ஆனால் இலங்கையிலும் இந்தியாவிலும் இருப்பவர்களுக்கு ஆண்டு உயர்வு கிடையாது. கனடா, ஆஸ்திரேலியாவிலும் அப்படித்தான். வாங்கத் தொடங்கிய நாளில் என்ன தொகையோ, அல்லது ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தால் புறப்பட்ட நாளில் என்ன தொகையோ, அதே தொகை 90 வயதிலும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சுவிஸ், நோர்வே, அமெரிக்காவிலும் உயர்வு உண்டு. திரும்பவும் இங்கே வந்து குடியிருந்தால் அன்றைய தொகைக்கு ஏற்றிவிடுவார்கள். உயர்வு இல்லாவிட்டாலும் மூன்று வருடத்தில் போட்ட காசு திரும்பும் கணக்கு மாறாது. மாறுவது, 15, 20 வருடம் கழித்து அந்தக் காசுக்கு எவ்வளவு வாங்க முடியும் என்பதுதான்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு கட்டும் விதி 2026 ஏப்ரல் 6 முதல் இறுகிவிட்டது. முன்பு இங்கே மூன்று வருடம் இருந்திருந்தாலே, அல்லது மூன்று வருடம் கட்டியிருந்தாலே போதுமாக இருந்தது. இங்கே வேலை செய்துவிட்டுப் போய் அங்கேயும் வேலை செய்பவர்கள் மலிவான கிளாஸ் 2 கட்ட முடிந்தது. சில வருடம் லண்டனில் ஐடி வேலை செய்துவிட்டு கோயம்புத்தூர், சென்னை என்று திரும்பிய பலர் இதைப் பயன்படுத்தினார்கள். இப்போது 2026-27 முதலான ஆண்டுகளுக்கு வெளிநாட்டில் இருந்து கிளாஸ் 2 கட்ட முடியாது. கிளாஸ் 3 கட்டவும் பொதுவாக இங்கே 10 வருட வசிப்போ 10 வருடக் கட்டணமோ வேண்டும். 2025-26 வரையான ஆண்டுகளுக்குப் பழைய விதியே பொருந்தும், ஆறு வருட எல்லைக்குள் இருக்கும்வரை. ஐந்து ஆண்டுகள் இங்கே கட்டிவிட்டுப் போனவர் கிளாஸ் 2க்குத் தகுதியானால், வாரம் 4 பவுணுக்கும் குறைவான விலையில் ஆறு ஆண்டுகளை வாங்கி 11க்கு வந்துவிடலாம். சிஎஃப்83 என்ற படிவத்தோடு தொடங்க வேண்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே 2027 ஏப்ரலில் காலாவதியாகும் ஆண்டு உங்களுக்குத் தேவையென்றால் இந்த மாதமே அனுப்புங்கள்.

கட்டும்போது

முன்கணிப்புப் பக்கத்திலேயே ஆண்டைத் தெரிவுசெய்து கட்ட முடிந்தால் அதுவே நல்ல வழி. எந்த ஆண்டுக்கு என்று அதிலேயே பதிவாகிவிடும். அப்படிக் காட்டாவிட்டால், கட்டுமுன் ஃபியூச்சர் பென்ஷன் சென்டர் என்ற அரசாங்க அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, "இந்த ஆண்டைக் கட்டினால் என் பென்ஷன் எவ்வளவு கூடும்?" என்று ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். எல்லா ஆண்டுக்கும் பொதுவாகக் கேட்காதீர்கள். பதிலையும் தேதியையும் எழுதிவையுங்கள். பென்ஷன் வயதை ஏற்கெனவே அடைந்தவர்கள் பென்ஷன் சர்வீஸிடம் கேட்க வேண்டும்.

வங்கி மூலம் அனுப்புவதானால் எச்.எம்.ஆர்.சி. தரும் 18 இலக்கக் குறிப்பு எண் கட்டாயம் வேண்டும். எண் இல்லாமல் போன காசு எங்கே நிற்கிறது என்று தேடுவது பெரிய அலைச்சல். ஒரே தடவையில் எல்லாம் கட்ட வேண்டும் என்றில்லை. இந்த ஆண்டு ஒன்று, அடுத்த ஆண்டு ஒன்று என்று கடைசித் தேதியைப் பார்த்துக் கட்டலாம். ரசீதைப் படமெடுத்து வையுங்கள், இரண்டு மூன்று மாதம் கழித்துப் பதிவைத் திறந்து அந்த ஆண்டு முழுமை என்று மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

சித்தி 104.70 பவுணை அன்றே அந்தப் பக்கத்தில் கட்டினார். மூன்று ஆண்டுகளுக்கான சிஏ9176 படிவங்களை அச்செடுத்து, மகள் வேலை முடிந்து வந்ததும் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமை தபால் நிலையத்தில் அனுப்பிய சான்றோடு போட்டோம். பேரன் பிறந்த தேதியை எழுதும் இடத்தில் மட்டும் என்னிடமிருந்து பேனாவை வாங்கி அவரே எழுதினார்.